தாழ்ப்பாள் போட்ட சோறு

மதியம் ஒரு மணி வாக்கில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும். அடுத்து ஜெபம். "ஆண்டவரே, நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்று மெதுவாகத் தொடங்கி, "ஆமென்" மட்டும் கொஞ்சம் உரக்க வரும். அதன் பிறகு சத்தமே இருக்காது. கம்பவுண்டர் அண்ணாச்சி சாப்பிட உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். சித்திரை மாதத்தில் ஓட்டு வீட்டுக்குள் நிற்கவே முடியாது. அப்போதும் சாப்பாட்டு வேளையில் அவர் கதவு திறந்திருந்து நான் பார்த்ததில்லை.

பாளையம்பட்டியில் ஒரே வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகள் அவை. எனக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை, சாப்பாட்டு மணிக்குப் பெரும்பாலும் வீட்டுக்கு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. மாதத்துக்கு ஒருதரம் வருவார், சில மாதம் அதுவும் இருக்காது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆக, சுவருக்கு இந்தப் பக்கமும் ஒற்றை ஆள்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் கதவைச் சாத்துவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பக்கத்தில் வந்தால் டிஞ்சர் வாசம். மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரிசையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இப்போது புதிதாகத் தொடங்கப் போவதில்லை.

யாரைப் பார்த்தாலும் "சாப்ட்டீகளா?" என்று கேட்பார். அது எல்லாரும் கேட்பதுதான். பதில் சொன்னதும், "என்ன சோறு?" என்று அடுத்த கேள்வி வரும். என்ன குழம்பு என்று கேட்டால்கூடப் பரவாயில்லை, அதில் ஒரு ருசி இருக்கிறது. இவருக்குத் தெரிய வேண்டியது சோறு என்ன சோறு என்பது மட்டும்தான். நெல்லுச்சோறு என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். கம்பு, கேப்பை, குதிரைவாலி என்று ஏதாவது வாயில் வந்துவிட்டால் முகம் சுருங்கும். கடைசி வீட்டில் மில்லுக்குப் போகிற பெண் ஒருத்தி இருந்தாள். "எங்க வீட்டு அடுப்புல என்ன வெந்தா இவுகளுக்கு என்ன?" என்று என்னிடம் பொரிந்து தள்ளுவாள். அவரிடம் கேட்டதில்லை.

நான் ஒருமுறை கேட்டேன்.

"சோறுன்னா அது நெல்லுச்சோறு டீச்சரு. மத்ததெல்லாம் பசிக்குத் திங்கிறது," என்றார். கோயிலில் வசனம் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அந்த ஊர்த் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் என்றாவது ஒருநாள் வரும், ஆளாளுக்குக் குடத்தோடு அடித்துக்கொண்டு பிடிப்போம். நாங்கள் அதைக் குடிக்க வைத்துக்கொள்வோம். அண்ணாச்சியோ உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நல்ல தண்ணீரை உலை வைக்க எடுத்து வைப்பார். உப்புத் தண்ணீரில் வேகவைத்தால் சோறு பழுப்படித்துப் போகுமாம், வெள்ளை வராதாம். இப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

குடிவந்த புதிதில் ஒருநாள் கேப்பைக் களி கிண்டினேன். ஒற்றை ஆளுக்குக் கிண்டினாலும் அது எப்போதும் கூடத்தான் வரும். கீரைக் குழம்போடு ஒரு கிண்ணத்தில் வைத்து அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்தவர், அப்படியே மூடினார்.

"இத எதுக்கு எனக்குக் குடுக்குறீக?"

"சூடா இருக்கு அண்ணாச்சி. சாப்டுங்க."

"என்னையப் பாத்தா இதத் திங்கிற ஆளாத் தெரியுதா?"

கிண்ணத்தைத் திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் தின்கிறதைத்தானே கொடுத்தேன், அப்போது நான் என்ன ஆள் என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன். அதன்பின் ரொம்ப நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மதியம், தாழ்ப்பாள் விழுவதற்குச் சற்று முன்னால், என் வாசலில் ஒரு பெரிய கும்பா வந்து உட்கார்ந்தது. ஆவி பறக்கிற வெள்ளைச் சோறு. குழம்பில்லை, ரசமில்லை, ஒரு அப்பளம்கூட இல்லை. வெறும் சோறு, குவியலாக. அவர் கேட்ட மன்னிப்பு அது. அதைத் தின்று தீர்க்க எனக்கு மறுநாள் வரை ஆனது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவருக்குச் செருப்பு கடித்தது. காலில் சுண்டு விரல் ஓரம் ஒரு சின்னப் புண். மாட்டுக் குளம்புக்குப் போடுகிற மருந்தையே எடுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டு அலைந்தார். புண் ஆறவில்லை. ஆள் மெலிந்தார், குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தார். கடைசியில் விரல் கறுத்துப் போய், மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அதை எடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஊரில் இருந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் பார்க்கப் போனோம். நாங்கள் நிற்கும்போதுதான் டாக்டர் வந்தார்.

"சர்க்கரை எக்கச்சக்கமா இருக்குங்க. இப்ப விரல் போயிருக்கு. சாப்பாட்டை மாத்தலேன்னா அடுத்து பாதம். மூணு வேளையும் அரிசிச்சோறு திங்கிறதை விட்டுருங்க. ஒரு கைப்பிடி போதும். காய், கீரை, பருப்பு நிறைய சேத்துக்கங்க. கம்பு, கேப்பையெல்லாம் அளவாச் சாப்பிடலாம். உங்க பக்கம்தான் கம்பு நல்லா வெளையுமே?"

அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் போன பிறகு என் வீட்டுக்காரர் ஏதோ ஆறுதல் சொன்னார். சுவரைப் பார்த்தபடியே அண்ணாச்சி சொன்னார்: "ஆயுசு பூரா ஏறி வந்தேன் தம்பி. இப்பப் போயி எறங்கச் சொல்றாரு."

வீடு திரும்பியதும் எல்லாரும் பார்க்கும்படியாகக் கடைக்குப் போய்க் கம்பு வாங்கிவந்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசை முழுக்க நடந்தார். நான்கூட நம்பிவிட்டேன். மறுநாள் மதியம் தாழ்ப்பாள் விழுந்தது. சுவருக்கு மேல் ஓட்டு இடைவெளி வழியாக வாசம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைக் கேட்டால்கூட என்ன வாசம் என்று சொல்லிவிடும். அடுத்த நாளும் அதே வாசம். வாங்கிய கம்பு முழுவதும் கொல்லையில் சிட்டுக்குருவிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மாதம் எங்கள் குருவிகளுக்கு நல்ல பத்தியம்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, கதவச் சாத்துனா கண்ணுக்குத்தான் தெரியாது. எனக்கு மூக்கும் இருக்கு."

"காலு என்னுது டீச்சரு."

"போனா யாரு தூக்கிட்டுத் திரியப் போறா?"

"அதான் யாரும் இல்லையே," என்றார். "அப்பறம் என்னத்துக்கு?"

என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, எனக்காகவும் சேர்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன்.

மாட்டாஸ்பத்திரியும் எங்கள் பள்ளிக்கூடமும் ஒரே மதில்தான். வைகாசியில் ஒருநாள், பள்ளிக்கூடம் திறக்கிற வேலையாகப் போயிருந்தேன். மதிலுக்கு அப்பால் ஒரு பெண் ஒப்பாரி வைக்கிற மாதிரி அழுதாள். எட்டிப் பார்த்தால், வேப்பமரத்தடியில் ஒரு செவலைப் பசு சாய்ந்து கிடந்தது. வயிறு ஒரு பக்கம் உப்பி நின்றது. அண்ணாச்சி கட்டுப்போட்ட காலோடு தரையில் மண்டிபோட்டு, மூங்கில் குழாயால் அதற்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார். மாட்டு டாக்டர் முகாமுக்குப் போயிருந்ததால் அவர் மட்டும்தான்.

"என்னத்தம்மா போட்ட?"

"சோறுதான் அண்ணாச்சி. மக கல்யாணத்துல மிஞ்சுன சோறு."

"எவ்வளவு?"

"அண்டாவோட வச்சேன். பாவம், வருசம் பூரா கூளத்தத்தானே திங்கிது. ஒரு நாளாவது நல்ல சோறு திங்கட்டும்னு ஆசயா வச்சேன்."

அண்ணாச்சியின் கை நின்றது. "அது வயிறு அதுக்கு உண்டானதில்ல தாயி," என்றார். வழக்கமாக இப்படி மாட்டைக் கொண்டுவருகிறவர்களைக் கிழித்து எடுத்துவிடுவார். அன்று திட்டவில்லை. சோடா உப்பைக் கரைத்துக் கரைத்து ஊற்றினார், வயிற்றைத் தேய்த்தார், மாட்டை எழுப்பி நிறுத்தப் பார்த்தார். நான் வேலை முடிந்து கிளம்புகிற நேரத்துக்குப் பசு காலை நீட்டிவிட்டது. அந்தப் பெண் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நல்லதுன்னுதானே வச்சேன், நல்லதுன்னுதானே வச்சேன்" என்று அதையே சொன்னாள். அண்ணாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நான் அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து, வீட்டுக்குள் போகாமல், எனக்கு எதிரே படியில் உட்கார்ந்தார். அவராகவே பேசினார்.

"எங்க ஆத்தா பண்ணையில களையெடுக்கப் போவா. நானும் கூடப் போவேன். மத்தியானம் கெணத்து மேட்டுல எல்லாரையும் வரிசையா உக்கார வச்சு, ஓலைப் பட்டையில கம்மங்கஞ்சி ஊத்துவாக. போறவுக வாரவுக எல்லாரும் பாப்பாக. வாயில வைக்கயில ஒரு வேலைய ஏவுவாக. பாதிக் கஞ்சிய வச்சிட்டு எந்திரிச்சு ஓடணும். அந்நேரத்துக்குப் பண்ணை வீட்டுல கதவு சாத்தியிருக்கும். உள்ள நெல்லுச்சோறு. வாசம் மட்டும் வரும். அவுக சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கூப்புடக் கூடாது. மழ வந்து தானியம் நனைஞ்சாலும் கூப்புடக் கூடாது."

நான் கீரையைக் கீழே வைத்தேன்.

"வேலைக்கு வந்ததும் மொத வேலையா அரிசி வாங்கி ஆக்குனேன். கதவச் சாத்தித் தாழ்ப்பாளப் போட்டேன். என்னைய இப்ப யாரு ஏவ முடியும்னு நெனச்சேன். சந்தோசத்துல அழுகையா வந்துச்சு டீச்சரு."

"அப்பறம்?"

"கல்யாணம் ஆச்சு. நான் சாப்புடும்போது அவ கதவுக்கு வெளிய நிப்பா. யாரும் கூப்புடாமப் பாத்துக்கன்னு நாந்தான் நிக்கச் சொன்னேன். நான் கை கழுவுன பெறகு அவ வந்து தனியா சாப்புடுவா. ஒருநாளும் கூட உக்காந்ததில்ல. அப்படியே செத்தும் போயிட்டா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் சோத்துக்குத்தான் ஆசப்பட்டேன். கதவையும் சேத்துல்ல வாங்கியாந்துட்டேன்."

எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. கதவுக்கு வெளியே நின்ற அந்தப் பெண்ணை நினைத்தால் கோபமாகவும் இருந்தது. இரண்டையும் நான் மறைக்கவில்லை. "அவுகளுக்கும் பசிச்சிருக்கும்ல அண்ணாச்சி?" என்றேன். "பசிச்சிருக்கும்," என்றார். அவ்வளவுதான்.

படியிலிருந்து எழுந்திருக்கும்போது, "ஞாயித்துக்கெழம அக்கா ஊருக்குப் போறேன். நீங்களும் வாரீகளா? நான் தனியாப் போனா அவ எனக்குக் கஞ்சி ஊத்த மாட்டா," என்றார்.

அக்கா இருந்தது பரளச்சிக்குப் பக்கத்தில். அவளும் தனிக்கட்டைதான். மாதா மாதம் இவர் பாளையம்பட்டியிலிருந்து அரிசிப்பையைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். என் அக்காவும் நெல்லுச்சோறுதான் தின்கிறாள் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை. அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி, காய்ந்து கிடந்த கரிசல் காட்டு வழியே அவர் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். வீட்டை அடையும்போது உச்சி வெயில். கதவு சாத்தியிருந்தது.

தட்டினார். உள்ளே பாத்திரம் உருண்டது. எதையோ மூடுகிற சத்தம். பிறகுதான் தாழ்ப்பாள் நீங்கியது. அக்காவுக்கு அவரைவிட உயரம், வெயிலில் காய்ந்த உடம்பு, தோளில் ஈரக்கை துடைத்த அடையாளம்.

"ஏலே, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற? வாங்க தாயி, உள்ள வாங்க. செத்த நேரம் இருங்க, இந்தா ஒரு நொடியில உலை வைக்கிறேன்."

அண்ணாச்சி உள்ளே நின்று மூக்கை உறிஞ்சினார். ஓட்டு வழியாக எனக்கு வந்த வாசம் இருக்கிறதே, அது இல்லை இது. இது புளித்த வாசம்.

"அக்கா, சாப்ட்டியா?"

"இப்பத்தான் உக்காந்தேன்."

"என்ன சோறு?"

"நெல்லுச்சோறுதான்டா. வேற என்ன?"

அவர் நேராக அடுப்படிக்குப் போய், அடுப்புக்குப் பின்னால் சொளகு போட்டு மூடியிருந்த சட்டியைத் திறந்தார். உள்ளே கம்பங்கூழ். பாதி குடித்த கும்பா பக்கத்தில் இருந்தது. அக்கா அங்கேயே நின்றுகொண்டு முந்தானையைக் கையில் சுருட்டினாள். திருடி அகப்பட்டவள்கூட அப்படி நின்றிருக்க மாட்டாள்.

"எத்தன வருசமா?"

"எல்லா வருசமுந்தான். அரிசிச்சோறு தின்னா எனக்குக் காட்டுல நிக்க முடியலடா, ஒரு நேரம் போறதுக்குள்ள பசிச்சுப்போகுது. ஒருத்தரும் பாத்துறக் கூடாதுன்னுதான் கதவச் சாத்திக்கிறேன். கம்பவுண்டரு அக்கா கஞ்சி குடிக்கிறான்னு ஊருக்குள்ள தெரிஞ்சா உன் மானம் என்னாகுறது?"

"அப்ப நான் குடுத்த அரிசி?"

"வேதக்கோயில் அசன விருந்துக்குக் குடுத்துருவேன். எல்லாரும் வரிசையா உக்காந்து சாப்புடயில, இது உன் தம்பி அரிசிம்பாக. எனக்கு அது போதும்."

அண்ணாச்சி சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "ஊத்துக்கா" என்றார்.

"என்னத்த?"

"இதத்தான்."

"மாட்டேன்." அவள் சட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "நம்ம ஆத்தா சாகுறப்ப என்ன சொன்னா? எம்மகன் இனிமே இதத் தொட வேண்டியதில்லன்னுதானே நிம்மதியாக் கண்ண மூடுனா? என் கையால ஊத்த மாட்டேன். தாயி, நீங்களாச்சும் சொல்லுங்க."

அண்ணாச்சி காலை நீட்டி, கட்டை அவிழ்த்தார். விரல் போனது அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லியிருக்கவில்லை. செருப்பில்லாத அந்தப் பாதத்தை, சுண்டு விரல் இருந்த இடத்தை, அவள் குனிந்து பார்த்தாள்.

"நெல்லுச்சோத்தையே தின்னா காலும் போயிரும்க்கா. டாக்டரு சொல்லிட்டாரு."

அவள் அழவில்லை. அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, மூன்று கும்பாவில் கூழ் ஊற்றி மோர் விட்டுக் கரைத்தாள். வெங்காயம் உரித்து வைத்தாள். பழக்க தோஷத்தில் கதவைச் சாத்தப் போனாள்.

"தெறந்து கெடக்கட்டும்," என்றார் அண்ணாச்சி.

கும்பாவைக் கையில் எடுத்தவருக்கு ஜெபம் வரவில்லை. கம்புக்கு அவர் ஜெபம் பண்ணியதே இல்லை போலிருக்கிறது. வாயைத் திறந்தார், மூடினார். அக்காதான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், அதே வார்த்தைகள். "ஆமென்" மட்டும் அவர் உரக்கச் சொன்னார். தெருவில் போன ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, தம்பி வந்திருக்காகளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

முதல் வாய் அவருக்குத் தொண்டையில் நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினார்.

"நல்லாருக்கா?" என்றாள் அக்கா.

"இல்ல," என்றார். "இன்னுங்கொஞ்சம் ஊத்து."

அன்றோடு அவர் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். அரிசி கொதிக்கிற வாசம் யார் வீட்டிலிருந்து வந்தாலும் பாவம், பேச்சு நின்றுவிடும். ஒரு கைப்பிடி என்று டாக்டர் சொன்னது அவர் கைக்குச் சில நாள் இரண்டு கைப்பிடியாகும். ஆனால் உரலைத் தேடிப் பிடித்து வாசலில் போட்டு, தானே கம்பு குத்தினார். ஆண்பிள்ளை உலக்கை பிடிக்கிற அழகைப் பார்க்க வரிசையே கூடியது. மில்லுக்குப் போகிற பெண், "தள்ளுங்க அண்ணாச்சி, கம்பு செத்துச்சு" என்று பிடுங்கிக் குத்திக் காட்டினாள். கீரையில்லாமல் சாப்பிட மாட்டேன் என்று என் அகத்தி மரத்தை மொட்டையடித்தார். நல்ல தண்ணீரை உலைக்கு எடுத்து வைப்பதை விட்டுவிட்டுக் குடிக்கத் தொடங்கினார். யாராவது, "பாவம், சுகரு வந்து கஞ்சி குடிக்கும்படி ஆயிருச்சே" என்று உச்சுக்கொட்டினால் கோபம் வந்துவிடும். "பாவம் என்னத்துக்கு? மருந்தாக் குடிச்சாத்தான் பாவம். நான் சோறால்ல சாப்புடுறேன்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் வந்துசேர எவ்வளவு தூரம் நடந்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

தாழ்ப்பாள் சத்தம் நின்றுபோனது. ஒரு மணிக்குக் கதவை நன்றாகத் திறந்து வைத்து, நிலைப்படியை ஒட்டித் தட்டோடு உட்காருவார். போகிறவர் வருகிறவர்களைக் கேட்பார்: "சாப்ட்டீகளா? என்ன சோறு?" கொஞ்ச காலம் அது கலகலப்பாகத்தான் இருந்தது. ஒருத்தி துவையல் கொண்டுவந்து வைப்பாள், இன்னொருத்தி நின்று வம்பளந்துவிட்டுப் போவாள்.

பிறகு வரிசையில் ஒவ்வொரு வீடாக டிவி வந்தது. மதியத்திலும் நாடகம் போட்டார்கள். வெளிச்சம் விழுந்தால் படம் தெரியாது என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாப்பாடும் உள்ளேதான், டிவிக்கு முன்னால்தான். ஒரு மணிக்கு அந்தத் தெருவில் நடந்தால் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும், எல்லா வீட்டிலும் ஒரே அழுகைக் குரல் கேட்கும். அண்ணாச்சி மட்டும் திறந்த கதவோடு உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கு நடுவில் அக்காவும் இறந்துபோனாள். ஞாயிற்றுக்கிழமை போவதற்கும் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நாளில் நின்று நாலு வார்த்தை பேசுவேன். என் சாப்பாட்டை என் வீட்டில் போய்ச் சாப்பிடுவேன். ஒரு பெண் அடுத்த வீட்டு ஆம்பிளையோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஊர் இல்லை அது.

எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. சாமானெல்லாம் லாரியில் ஏற்றியாகிவிட்டது. வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சொல்லிக்கொள்ளப் போனேன். மணி ஒன்று. மற்ற கதவெல்லாம் சாத்தியிருந்தது.

"போயிட்டு வாரேன் அண்ணாச்சி."

"சாப்ட்டீகளா டீச்சரு?"

"இனிமேத்தான். அடுப்பத்தான் லாரில ஏத்தியாச்சே."

அவர் உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்துவந்து எதிரே வைத்தார். கம்பஞ்சோறு, முருங்கைக்கீரை, ஓரத்தில் ஒரு கைப்பிடி நெல்லுச்சோறு. நான் உட்கார்ந்தேன். ஜெபம் சொன்னார். அத்தனை வருடம் சுவர் வழியாகவே கேட்ட குரல், இப்போது எதிரில். ஆமென் என்று நானும் சொன்னேன். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் எழுந்திருக்கப் போனேன்.

"ஏவுறானாக்கும்?" என்றார் அண்ணாச்சி. "அடிக்கட்டும். நீங்க சாப்டுங்க."

நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. அவர் இறந்த செய்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மில்லுக்குப் போகிற அந்தப் பெண்ணைப் பிறகொருநாள் காரியாபட்டி பஸ்ஸில் பார்த்தேன். "ரெண்டு காலோடதான் டீச்சரு பெட்டிக்குள்ள வச்சோம்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது நான் மதுரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். என் வீட்டுக்காரரும் போய்விட்டார். எனக்கும் சர்க்கரை. இவர் வேறு டாக்டர், ஆனால் சொன்னது அதேதான். கம்பு இங்கே குத்திப் புடைத்துப் பொட்டலமாகவே கிடைக்கிறது. செய்வதில் சிரமமில்லை. ஒற்றை ஆளுக்காக அடுப்பைப் பற்றவைக்க மனதைத் தயார் பண்ணுவதுதான் சிரமம். பல நாள் ஒரு பன்னும் காப்பியுமாகப் போதும் என்று தோன்றும். அப்போது, "அதான் யாரும் இல்லையே, அப்பறம் என்னத்துக்கு" என்று அவர் கேட்டது ஞாபகம் வரும். எழுந்து போய்ச் சமைத்துவிடுவேன். ஒரு மணிக்கு வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடி உட்காருவேன். எதிரே மூன்று கதவுகள், மூன்றும் சாத்தியிருக்கும்.

நேற்று எதிர்வீட்டுப் பெண் லிஃப்டிலிருந்து வந்தாள். நல்ல பெண். கைநிறையப் பைகள். "ஆன்ட்டி, கதவு தெறந்து கெடக்கு, பாத்துக்கங்க" என்று சொல்லி, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, அவளே வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

எச்சில் கையோடு எழுந்து போய், இடக்கையால் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.